பந்தய ரோட்டை நடந்து பார்த்தவள்

குதிரை வண்டிப் பந்தயத்துக்கு முந்தின நாள் ரோட்டை நடந்து பார்த்து வருவதும் ஒரு வேலைதான் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நான் அந்த வேலையை இரண்டு வருஷம் பார்த்தேன், இடுப்பில் பிள்ளையோடு.

லாரி ஓட்டுகிறவருக்கும், பனை ஏறுகிறவருக்கும், கரண்டுக் கம்பம் ஏறுகிறவருக்கும் வாக்கப்பட்ட அக்கா தங்கச்சிமாருக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஆள் வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்கிற வரைக்கும் குழம்பில் உப்புப் போட்டோமா இல்லையா என்று நமக்குத் தெரியாது. என் பாடும் அதேதான். உங்களுக்கு லாரி, எனக்குக் குதிரை.

எங்கள் பக்கம் பந்தயத்துக்கென்று தனியாக மைதானம் கிடையாது. மாசி, பங்குனியில் ஊருக்கு ஊர் சாமி கும்பிடும்போது ஊர் முகப்பில் கோடு போட்டு வண்டிகளை நிறுத்துவார்கள். நாலு மைல் தள்ளி நடு ரோட்டில் ஒரு தார் டிரம்மை வைத்து அதுதான் எல்கை என்பார்கள். அதைச் சுற்றித் திரும்பி முதலில் கோட்டைத் தொடுகிற வண்டிக்குப் பரிசு. வண்டிக்கு ஒரு குதிரை, இரண்டு ஆள். முன்னால் கயிறு பிடிக்கிறவர் சாரதி, அது என் வீட்டுக்காரர். பின்னால் இருக்கிறவர் பின்சாரதி. கிளம்புகிறபோதும் முடிகிறபோதும் கீழே குதித்துக் குதிரையோடு ஓடி, சத்தம் போட்டு விரட்டுவது அவர் பாடு. எங்கள் வண்டியில் அது மொக்கை அண்ணன். குதிரை, செவலை என்கிற பெட்டை. காளவாசலில் விறகுக்கடை வைத்திருந்த முதலாளிக்குச் சொந்தம். கடைக்குப் பின்னால் லாயம், லாயத்தை ஒட்டி எங்கள் ஒற்றை அறை. செவலைக்குக் கொள்ளு அவிப்பதும் புல் அறுத்துப் போடுவதும் என் சம்பள வேலை. ரோடு பார்த்தது சம்பளமில்லாத வேலை. அது எப்படி என் தலையில் வந்தது என்று சொல்கிறேன்.

விறகுத் தராசில் உட்கார்ந்த மனுஷன்

வண்டியில் ஏறுகிறவர் கனமாக இருக்கக் கூடாது. முதலாளி இதில் ரொம்பக் கறார். பந்தயத்துக்கு எட்டு நாள் இருக்கும்போதே இவரை விறகு நிறுக்கிற தராசில் ஏற்றிவிடுவார். ஒரு தட்டில் இவர் குத்தவைத்திருப்பார், மறுதட்டில் எடைக்கல். விறகு வாங்க வந்த பொம்பளைகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள். ஐம்பது கிலோவுக்கு ஒரு சிராய்த்துண்டு அளவு கூடினாலும் அன்றிலிருந்து ராத்திரிச் சோறு கிடையாது, மோர்த் தண்ணிதான்.

ஒரு தடவை செவலைக்கு அவித்து வைத்த கொள்ளு இரண்டு நாளாகக் குறைந்தது. எலி என்று நினைத்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் லாயத்துக்குள் போனால், தொட்டியில் ஒரு பக்கம் செவலை வாய் வைத்திருக்கிறது, மறுபக்கம் இவர் கை வைத்திருக்கிறார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டு பேருமே மெல்லுவதை நிறுத்தவில்லை. எனக்கு அப்படிச் சிரிப்பு வந்தது. அறைக்குள் போய், கல்யாணத்தன்று இவர் கையில் ஏறாமல் இருந்த என் கண்ணாடி வளையல் இப்போது ஏறும் என்று நினைத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. விஷயம் கேள்விப்பட்ட முதலாளி கோபப்படவில்லை. "தின்னுட்டுப் போறான், விடும்மா. ஆனா குதிரை பங்குல கை வச்சா அன்னைக்கு ஓடப் போறது யாரு, இவனா?" என்றார்.

வண்டிக்கு ஒரு வாய்

மொக்கை அண்ணன் என் கூடப் பிறந்தவர் இல்லை. ஆனால் என்னைத் தங்கச்சி என்பார், இவரை மாப்ள என்பார், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார். கல்யாணம் ஆகவில்லை. கொக்குக் கால். பஸ் நிற்காமல் போனால் திட்ட மாட்டார், ஓடிப் போய் அடுத்த நிறுத்தத்தில் அதே பஸ்ஸைப் பிடிப்பார். என் மகளைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு லாயத்தைச் சுற்றி ஓடினால் அவள் சிரிக்கிற சிரிப்பில் செவலையே திரும்பிப் பார்க்கும்.

கப்பலூர்ப் பக்கம் ஒரு பந்தயத்தில் எங்களுக்குப் பின்னால் வந்த வண்டியின் பின்சாரதி, எதிரே வந்த மாட்டைப் பார்த்துவிட்டு "வலது, வலது" என்று கத்தினான். கயிறு பிடித்தவன் ஏற்கெனவே இடது பக்கம் ஒதுங்கிக்கொண்டிருந்தான். சத்தத்தில் மிரண்டு வலப்பக்கம் இழுக்க, வண்டி பாலத்துச் சுவரில் மோதி வாய்க்காலுக்குள் போனது. குதிரை கத்தின சத்தத்தை நான் கோட்டருகே நின்று கேட்டேன். அந்தச் சாரதி ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். அவன் வீட்டுப் பொம்பளைகள் மாட்டைத் திட்டவில்லை, ரோட்டைத் திட்டவில்லை. பின்னால் இருந்தவனின் வாயைத்தான் மண்ணை வாரி இறைத்துச் சபித்தார்கள்.

எழவுக்குப் போய்விட்டு வரும்போது மொக்கை அண்ணனிடம் கேட்டேன், "நீங்க மட்டும் என்ன, தொண்டை கிழியக் கத்துறீங்களேண்ணே?" என்று. அவர் நடந்துகொண்டே சொன்னார்: "நான் கத்துறது குதிரையப் பாத்து. கயிறு பிடிச்சவன்கிட்ட ரோட்டப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன் தங்கச்சி, வண்டிக்கு ஒரு வாய் போதும்."

நாக்கைத் துருத்திக் காட்டினேன்

அடுத்த வருஷம் ஒரு பந்தயத்தில் பக்கத்து வண்டிக்காரன் வீசிய சவுக்கின் நுனி இவருடைய இடது கண்ணில் பட்டுவிட்டது. நாலு நாள் வீங்கி வடிந்தது. பிறகு கண் கண்ணாகத்தான் இருந்தது. கருமுழி, வெள்ளை முழி எல்லாம் அதது இடத்தில். நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு மறந்துவிட்டேன்.

பதினைந்து நாள் கழித்துக் காப்பி டம்ளரை இவருக்கு இடப்பக்கம் வைத்தேன். கை தரையைத் தடவியது. டம்ளரைத் தட்டிவிட்டு, "எங்கிட்டாச்சும் வைக்காத" என்று என்னைத் திட்டினார். மறுநாள் இடப்பக்கமாக ஓடி வந்த மகளின் கையை மிதித்துவிட்டார். அன்று மத்தியானம் சோறு போட்டுவிட்டு இவருக்கு இடது பக்கம் உட்கார்ந்து நாக்கை முழுசாகத் துருத்திக் காட்டினேன். மனுஷன் பாட்டுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தார். கண்ணை உருட்டினேன், முகத்தைக் கோணினேன். அடுத்த உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு, "ரசம் ஊத்து" என்றார். நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு ரசம் ஊற்றினேன். பாதி ரசம் தட்டுக்கு வெளியே போனது.

பெரிய ஆஸ்பத்திரியில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே நரம்பு போய்விட்டது, இனி வராது என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார். "மொக்கைக்குக்கூடத் தெரியக் கூடாது. ஒத்தக் கண்ணன் கையில எவன் குதிரையக் குடுப்பான்? கயிறு போனா ரூமும் போச்சு, பாத்துக்க."

புளியங்கொட்டைப் பள்ளம்

முன்பெல்லாம் பந்தயத்துக்கு முந்தின நாள் இவரே எல்கை வரைக்கும் நடந்து ரோட்டைப் பார்த்து வருவார். எல்லாச் சாரதியும் செய்வதுதான். ஒற்றைக் கண்ணுக்குப் பள்ளமும் நிழலும் ஒன்றாகத்தான் தெரிகிறது என்று ஒரு நாள் சொன்னார். அதிலிருந்து நான் போக ஆரம்பித்தேன். இடுப்பில் பிள்ளையோடு ஒரு பொம்பளை ரோட்டோரம் நடந்து போனால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? கோவிலுக்கு என்பேன், சொந்தக்காரர் வீட்டுக்கு என்பேன். பர்லாங்குக் கல்லையும் கரண்டுக் கம்பத்தையும் எண்ணிக்கொண்டே போவேன். எட்டாவது வரைக்கும் படித்த படிப்பு அதற்குப் போதுமானதாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அறைக்குள் தரையில் ரோடு போடுவேன். கொள்ளு மணியை வரிசையாக வைத்தால் ரோடு. பள்ளத்துக்குப் புளியங்கொட்டை, மேட்டுக்கு உப்புக்கல், பாலத்துக்குத் தீப்பெட்டி. இவர் குப்புறப் படுத்து விரலால் அதில் போய் வருவார். "ஏழாவது கம்பம் தாண்டி இடது பள்ளம். வலது பிடிக்கணும்" என்று நாலு தடவை சொன்னால் மனசில் ஏறிவிடும். அப்படியே நாலு பந்தயம் ஓட்டினார், இரண்டில் ஜெயித்தார். ஊரெல்லாம் இவர் கண்ணைத்தான் புகழ்ந்தார்கள்.

ஐந்தாவது பந்தயத்துக்குப் போட்ட ரோட்டில் என் மகள் ஒரு புளியங்கொட்டையை எடுத்து விளையாடப் போய்விட்டாள். நான் அடுப்படியில் இருந்ததால் பார்க்கவில்லை. பன்னிரண்டு பள்ளத்தில் பதினொன்றைத்தான் இவர் படித்தார். பன்னிரண்டாவதில் சக்கரம் நேராக இறங்கி ஆரக்கால் முறிந்தது. மொக்கை அண்ணன் எகிறி ரோட்டில் விழுந்தார். முட்டியில் தோல் பெயர்ந்ததோடு போயிற்று. உட்கார்ந்து முட்டியை ஊதிக்கொண்டே இவரிடம் கேட்டார்: "பதினோரு பள்ளத்தையும் கோலம் போட்ட மாதிரி சுத்தி வந்துட்டு, இந்த ஒண்ணுக்குள்ள மட்டும் எதுக்கு மாப்ள விருந்துக்குப் போன?"

பாய் சொன்ன நடை

செவலைக்கு லாடம் அடிக்கிறவர் ஒரு பாய். பந்தயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பையோடு வந்து, "ரோடு என்னம்மா சொல்லுது?" என்று கேட்பார். இவர் நடந்து பார்த்து என்னிடம் சொல்லி வைத்திருப்பதாக அவர் நினைப்பு. நனைந்த தார் ரோடு என்றால் தேய்ந்த லாடத்தைக் கழற்றிவிட்டு, ஆணித்தலை துருத்திக்கொண்டிருக்கிற மாதிரி புதுசு அடிப்பார். இல்லையென்றால் வழுக்கும். செம்மண் என்றால் இலேசான லாடம். மழை பெய்த கரிசல் என்றால், "வண்டியக் கட்டாதீங்க, லாடத்தோட குளம்பையும் பிடுங்கிக்கும்" என்பார். குதிரை ஜெயிப்பது காலில் பாதி, பாயின் சுத்தியலில் பாதி.

ஒரு தடவை மகளுக்குக் காய்ச்சல். மூன்று மைல் நடந்ததும் அவள் உடம்பு அனலாகக் கொதித்தது. மிச்ச ஒரு மைலை நடக்காமல் பஸ் ஏறிவிட்டேன். கண்டக்டரிடம் அந்தப் பக்கம் ரோடு எப்படி என்று கேட்டேன். "இப்பத்தான் புதுசா போட்டிருக்காங்கக்கா, ஜம்முனு இருக்கு" என்றார். அதையே பாயிடம் சொன்னேன். தார் இன்னும் ஊற்றவில்லை, ஜல்லிதான் பரப்பியிருந்தார்கள். பஸ் சக்கரத்துக்கு அது ஜம்மென்றுதான் இருந்திருக்கும். மறுநாள் பந்தயம் முடிந்து செவலை மூன்று காலால் நொண்டிக்கொண்டு லாயத்துக்கு வந்தது. பாய் அதன் காலைத் தன் மடியில் வைத்து, குளம்புக்குள் ஏறியிருந்த கல்லை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். ரத்தம் அவர் கைலியில் சொட்டியது. என்னை நிமிர்ந்து பார்த்தார். இவர் நடக்கவில்லை, நான்தான் நடக்கிறேன் என்பது அவருக்கு அந்த நிமிஷம் தெரிந்துவிட்டது. ஏன் என்று அவர் கேட்கவில்லை. "பஸ்காரன் ரோடு வேற, குதிரை ரோடு வேறம்மா. அடுத்த வாட்டி செருப்பக் கழட்டிட்டு நட" என்றார்.

செவலைக்கு வந்த வயிற்று வலி

டிரம்மைச் சுற்றித் திரும்பும்போது அது எப்போதும் இவருக்கு வலது கைப் பக்கம் வரும். அதனால்தான் பிழைப்பு ஓடியது. ஒரு ஊரில் ரோடு வளைவாக இருக்கிறது என்று இடது கைப் பக்கம் வருகிற மாதிரி சுற்றச் சொல்லிவிட்டார்கள். டிரம் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் நாலு வண்டியோடு சேர்ந்து இவர் எப்படித் திரும்புவார்? இவரோ, "பாத்துக்கலாம்" என்றார். பார்க்க முடியாத மனுஷன் சொல்கிற வார்த்தையா அது?

நேராக விறகுக்கடைக்கு ஓடினேன். செவலை வயிற்று வலியால் புரளுகிறது, நாளைக்குக் கட்ட முடியாது என்று சொன்னேன். முதலாளி பதறிப்போய் மாட்டாஸ்பத்திரி டாக்டரையே ரிக்ஷாவில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். செவலை அப்போது ஒரு கட்டுப் புல்லை முடித்துவிட்டு, இரண்டாவது கட்டை இழுத்துக்கொண்டிருந்தது. டாக்டர் வயிற்றில் காது வைத்துக் கேட்டார், வாயைத் திறந்து பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார். முதலாளியிடம் நாலு நாள் ஓய்வு கொடுக்கச் சொன்னார். முதலாளி கடைப்பக்கம் போனதும் பையை மூடிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "குதிரைக்கு ஒண்ணுமில்ல. பொய் சொன்னவங்களுக்கு வேணும்னா ஒரு ஊசி போட்டு விடவா?"

கூட்டிப் பெருக்கிய ரோடு

திருவாதவூர்ப் பக்கம் மாசி மாசத்துப் பந்தயம். நாலு மைலையும் செருப்பில்லாமல் நடந்தேன். நல்ல தார் ரோடு, மூன்றே பள்ளம். பாதி வழியில் ரோட்டை ஒட்டி நாலைந்து வீடு. எல்கையிலிருந்து திரும்பி வரும்போது இடது கைப் பக்கம் வரும். அங்கே ரோட்டோரம் பிடுங்கிய கொள்ளுச் செடியைக் காயவைத்துக் குவித்திருந்தார்கள். காவலுக்கு ஒரு அக்கா. நான் கொள்ளு அவிக்கிறவள் இல்லையா, சும்மா போவேனா? ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்தேன். நல்ல காய்ச்சல், பல்லில் டக்கென்றது. குதிரைக்கு என்றதும் அந்த அக்கா இரண்டு கை அள்ளி என் முந்தானையில் போட்டாள். "இத ரோட்டுல பரப்புவீங்களாக்கா?" என்று கேட்டேன். பஸ்ஸும் லாரியும் ஏறி மணி உதிரட்டும் என்று செடியை ரோட்டில் பரப்புவது எங்கள் பக்கம் எல்லா ஊரிலும் உண்டு. "நாளைக்குப் பந்தயம்னு தமுக்கு அடிச்சாங்கல்ல. வண்டி வாரப்ப ரோட்டுல ஒண்ணும் கெடக்காது" என்றாள். வீட்டுக்கு வந்து மூன்று புளியங்கொட்டை வைத்தேன். குவியல் ரோட்டுக்கு வெளியே இருந்ததால் அதற்கு ஒன்றும் வைக்கவில்லை. அந்த அக்கா கொடுத்த கொள்ளைத்தான் ரோடாக வைத்தேன்.

அந்த அக்கா பொய் சொல்லவில்லை. காலையில் ஆறு மணி பஸ்ஸுக்கும் ஏழு மணி பஸ்ஸுக்கும் செடியைப் பரப்பியிருக்கிறாள். பந்தயத்துக்கு முன்னால் அள்ளிவிட்டாள், விளக்குமாற்றால் கூட்டவும் செய்துவிட்டாள். கொள்ளு தட்டையாக இருந்தாலும் தார் ரோட்டில் ஓடும். மணியெல்லாம் சரிவான இடது ஓரத்துக்குப் போய் ஒரு பட்டையாகப் பரவிக் கிடந்திருக்கிறது. நான் கோட்டருகே மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். எல்கையில் செவலைதான் முதலில் திரும்பியது என்று சைக்கிளில் வந்தவர்கள் சொன்னார்கள். தூரத்தில் புழுதி தெரிந்தது. முதலில் வந்தது வேறு வண்டி. அதன் சாரதி என்னை எங்கே பார்த்தாலும் கேலி பேசாமல் போக மாட்டான். அன்று கோட்டைத் தாண்டியதும் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

இரண்டு மைலையும் ஓடினேன். மகளை யார் கையில் கொடுத்தேன் என்று இன்றைக்கும் நினைவில்லை. செவலை முன்னங்கால் மடங்கிக் கிடந்தது. எழுந்திருக்கப் பார்த்தது, விழுந்தது, மறுபடி பார்த்தது. இவர் தோள்பட்டை இறங்கி உட்கார்ந்திருந்தார், கையில் கயிறு அப்படியே இருந்தது. மொக்கை அண்ணன் பர்லாங்குக் கல்லுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் கிடந்தார். வலது காலைப் பார்த்துவிட்டு நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். என் உள்ளங்காலில் மணி மணியாக உறுத்தியது, செவலை வழுக்கியது இதில்தான். பின்னால் வந்த சாரதிகள் மணி கிடப்பதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு வலது பக்கமாக ஒதுங்கிப் போயிருக்கிறார்கள். அந்த அக்கா விளக்குமாற்றைக் கீழே போடாமலே அழுதாள். "நல்லாத்தான் கூட்டுனேன் தாயி. செடியெல்லாம் அள்ளிட்டேன். மணி உருண்டு போயிருச்சு, நான் என்ன செய்வேன்?"

முதலாளியின் கேள்வி

செவலையைப் பார்க்க அதே மாட்டாஸ்பத்திரி டாக்டர்தான் வந்தார். காலைத் தொட்டுப் பார்த்ததுமே பையைத் திறந்தார். இந்த முறை ஊசியை எடுத்தபோது என்னைப் பார்க்கவில்லை. முந்தானை முடிச்சில் பத்துப் பதினைந்து மணி கொள்ளு மிச்சம் இருந்தது. உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். செவலை மூக்கால் முகர்ந்து பார்த்தது, வாய் வைக்கவில்லை. டாக்டர் என் கையை ஒதுக்கிவிட்டு ஊசியைப் போட்டார்.

முதலாளி குதிரைக்காக அழுதார், அதை நான் பார்த்தேன். அப்புறம் எழுந்து அந்த இடத்தில் ரோட்டைக் காலால் அளந்தார். இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரைக்கும் நடந்து போய்விட்டுத் திரும்பி வந்தார். "ரோடு இம்புட்டு அகலம் கெடக்கு. இவன் ஏம்மா எடதுல போய் விழுந்தான்?"

ரெண்டு கண்

பெரிய ஆஸ்பத்திரியில் மொக்கை அண்ணனுக்கு முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவருக்கு வேறு ஆள் கிடையாது, நான்தான் கஞ்சி கொண்டு போனேன். இவர் தோளில் கட்டோடு வார்டு வாசல் வரைக்கும் வருவார், உள்ளே வர மாட்டார். மூன்றாம் நாள் அண்ணன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். போர்வை ஒரு பக்கம் நீளமாகவும் ஒரு பக்கம் பாதியிலேயே தட்டையாகவும் கிடந்தது. என் கண் அங்கே போவதைப் பார்த்துவிட்டு, "எடை கொறஞ்சு போச்சு தங்கச்சி. இனி மாப்ள ரெண்டு வேளையும் சோறு திங்கலாம்" என்றார். நான் கிண்ணத்தைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் அவராகவே ஆரம்பித்தார். "ஒண்ணு சொல்றேன், மாப்ளகிட்ட சொல்லிறாத. கொள்ளு கெடக்குறத நான் அரை பர்லாங்குக்கு முன்னாடியே பாத்தேன். கயிறு பிடிச்சவனுக்குத் தெரியாததையா நாம சொல்லப் போறோம்னு வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன். அந்தக் கப்பலூர்க்காரன் மாதிரி நம்ம வாயால ஒண்ணு ஆயிரக் கூடாதுல்ல. இப்ப நெனச்சா, ஒரு சத்தம் குடுத்திருக்கலாம். செவலை பாவம் என்னையத்தான் சேரும்." சொல்லிவிட்டு, ஒரு குற்றவாளி மாதிரி என் முகத்தைப் பார்த்தார்.

நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். சவுக்கு நுனியிலிருந்து நாக்கைத் துருத்தியது, புளியங்கொட்டை, வயிற்று வலி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரர் தண்ணீர் கேட்டார், எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வந்து மிச்சத்தையும் சொல்லி முடித்தேன். மொக்கை அண்ணன் போர்வையின் தட்டையான பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலை. "என்கிட்டச் சொல்லியிருக்கலாமே தங்கச்சி. ரெண்டு கண்ண வச்சுக்கிட்டு நான் பின்னாடி சும்மாதான உக்காந்திருந்தேன்."

இவர் மறுநாளே முதலாளியிடம் போய்க் கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டு வந்தார். பயந்த மாதிரியே கயிறும் போயிற்று, அறையும் போயிற்று. இப்போது காளவாசல் ரோட்டோரம் கீற்றுக் கொட்டகை போட்டு மாட்டுக்குப் புல்லும் கொள்ளும் விற்கிறோம். இவர் தள்ளுவண்டியில் புல்லுக்கட்டு ஏற்றித் தள்ளிக்கொண்டு போவார். மொக்கை அண்ணன் கட்டைக் காலை நீட்டிக்கொண்டு கட்டுகளுக்கு மேலே உட்கார்ந்து, "எடது மாப்ள, எடதுல சைக்கிள் வருது, நிறுத்து" என்று கடை வரைக்கும் வாயை மூட மாட்டார்.

குதிரையால், லாடத்தால், மழையால், ஏறுகிறவரின் எடையால் பந்தயம் தோற்கும் என்று தொழில் தெரிந்தவர்கள் சொல்வார்கள். நாங்கள் தோற்றது, ஒரே சட்டிச் சோற்றை ஞாயிற்றுக்கிழமைதோறும் உட்கார்ந்து சாப்பிட்ட மூன்று பேர் ரோட்டைத் தவிர மற்றதையெல்லாம் பேசிக்கொண்டிருந்ததால்.